இடது கால் சாக்ஸ்

கத்தரீனாள்: …ரெண்டு ஜோடி ஆச்சு. மூணாவது எங்கட்டி நிமி?

நிமி: அது பைக்கு அடியில சுருட்டிக் கெடக்கு மதினி. அத விடுங்க. நாளைக்குக் கோட்டயம் ஆசுபத்திரிக்குப் போக இந்த ரெண்டு ஜோடி போதும்.

கத்தரீனாள்: போதுமா போதாதான்னு பின்னுனவ சொல்லுதேன். எடு.

நிமி: லேசாப் பிஞ்சிருக்கு…

கத்தரீனாள்: பிஞ்சா தச்சிருவோம். அதுக்குத்தான ஊசியும் நூலுமா உக்காந்திருக்கேன். குடு இங்க… மாதாவே.

நிமி: அதான் சொன்னேன்ல.

கத்தரீனாள்: இது என்னதுட்டி?

நிமி: சாக்ஸ்தான்.

கத்தரீனாள்: இது நான் பின்னுனது இல்ல.

நிமி: நீங்க பின்னுனதுதான் மதினி.

கத்தரீனாள்: நான் என் தம்பிக்குப் பின்னிக் குடுத்தது வெள்ளை. இது சாணி கலர்ல இருக்கு. நீ வேற யாரோடதையோ எடுத்துட்டு வந்துட்ட.

நிமி: வேற யாரு சாக்ஸ நான் எடுக்கப்போறேன்…

கத்தரீனாள்: இரு. இடது சாக்ஸ் எதுன்னு இருட்டுலயும் தெரியணும்னு, வாய்க்குக் கீழ ஒரே ஒரு பின்னல் கண்ணிய மட்டும் திருப்பிப் போட்டிருப்பேன். தடவுனா கடுகு மாதிரி தட்டும். அது இருந்தா என்னோடது. இல்லன்னா…

நிமி: இருக்கா?

கத்தரீனாள்: …இருக்கு.

நிமி: டீ கொட்டிருச்சு மதினி.

கத்தரீனாள்: யாருகிட்ட? முப்பத்திரெண்டு வருசம் தேயிலைக் காட்டுல கெடந்தவகிட்ட டீக்கறைன்னு சொல்லுதியா? டீ கொட்டுனா ஓரம் கருத்து நடுவு வெளுத்திருக்கும். இது முங்க வச்சு எடுத்த மாதிரி ஒரே சீரா ஏறியிருக்கு.

நிமி: முங்கிருச்சுன்னு வச்சுக்கோங்க.

கத்தரீனாள்: ரெண்டு சாக்ஸுமா? ஒரு கிளாஸ் கட்டன் டீயிலயா?

நிமி: மெதுவாப் பேசுங்க. அவுக அந்த ரூம்ல டிவி பாக்குதாக.

கத்தரீனாள்: கேக்கட்டுமே. அவன் காலுக்குப் பின்னுனதுதான. இந்த நூலத் தேடி நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?

நிமி: தெரியும். நூறு தடவ சொல்லிட்டீக.

கத்தரீனாள்: நூத்தியொண்ணாவது தடவையும் கேளு. தவக்காலத்துல அவனுக்கு என்ன ஆச்சு?

நிமி: அத ஏன் மதினி இப்ப…

கத்தரீனாள்: சொல்லு.

நிமி: குளிருன்னு அடுப்புகிட்ட கால நீட்டி உக்காந்திருந்தாக. கடை சாக்ஸ் போட்டிருந்தாக. கங்கு தெறிச்சு விழுந்துச்சு.

கத்தரீனாள்: விழுந்தது அவனுக்குத் தெரியல. ஏன்? சுகரு கால்ல இருந்த உணர்ச்சியத் தின்னுட்டுது. அவன் பாட்டுக்கு உக்காந்து அரிசி பொடைக்கிற உன்கிட்ட வம்பளந்துட்டு இருந்தான். அந்தக் கடை சாக்ஸு அக்ரிலிக். பாக்க நூலு, உள்ளுக்குள்ள பிளாஸ்டிக். சூடு பட்டா சாம்பலாகாது, உருகும். உருகித் தோலோட ஒட்டும். மறுநா சாக்ஸ உருவுனப்போ…

நிமி: உருவுனது நான். எனக்குச் சொல்ல வேண்டாம்.

கத்தரீனாள்: சரி, சொல்லல. ஈஸ்டருக்கு முந்தின வாரம் கோட்டயத்துல இடது கால் சுண்டுவிரல எடுத்தாங்க. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இனி இவன் காலுக்குக் கடை சாக்ஸ் கிடையாது, நம்மதான் பின்னணும்னு. கன்னியாஸ்திரி மடத்துல சின்னதுல கத்துக்கிட்ட பின்னல் அன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலைக்கு வந்துச்சு. நூலு மட்டும் அமையல. காட்டன் எடுத்துப் பாத்தேன்.

நிமி: ஈரத்தக் குடிக்கும், ஆனா விடாது.

கத்தரீனாள்: படிச்சிருக்க.

நிமி: உங்க வீட்டுக்கு வந்தா யாரா இருந்தாலும் படிச்சிட்டுத்தான் போகணும். மீன்காரன் பாய்கூட அன்னைக்குக் காட்டன் வேணுமா கம்பளி வேணுமான்னு கேட்டாரு.

கத்தரீனாள்: கேட்டா நல்லதுதான. ஈரத்துணியக் கால்ல சுத்துனா புண்ணு ஊறும். அதனால காட்டன் வேண்டாம்னு வச்சேன். கம்பளி அப்படி இல்ல. வேர்வைய இழைக்குள்ள வாங்கிக்கிடும், தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும். கங்கு விழுந்தா உருகாது. முடி கருகுன நாத்தம் வரும், தானா அணைஞ்சிரும். ஏன்னா அது முடிதான, ஆட்டு முடி. ஆனா கட்டப்பனைக் கடையில கெடைச்ச கம்பளி முள்ளு மாதிரி குத்துச்சு. குத்துறது இவனுக்குத் தெரியாது, தோலு மட்டும் உரிஞ்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் எம் மகன் ஜோஜோதான் போன்ல தேடித் தேடி, மெரினோன்னு ஒரு ஆடு…

நிமி: அந்த ஆட்டுக்கு ஞானஸ்நானம் குடுத்தவுக மாதிரியே பேசுதீக.

கத்தரீனாள்: சிரிக்காத. அந்த ஆட்டு முடி நம்ம முடியவிட மெல்லிசு. குத்தாது. அதோட கொஞ்சம் நைலான் கலந்த நூலு, குதிகால் சீக்கிரம் தேயாம இருக்க. வெள்ளை ஏன் எடுத்தேன்?

நிமி: ரத்தமோ சீழோ ஒரு சொட்டு பட்டாலும் கண்ணுல படணும்னு.

கத்தரீனாள்: படணும். கால் சொல்லாதத சாக்ஸு சொல்லணும். விரல் நுனியில தையலே இல்லாம அஞ்சு ஊசியில சுத்திச் சுத்திப் பின்னுனேன், மேடு தட்டக் கூடாதுன்னு. இடது சாக்ஸுல சுண்டுவிரல் பக்கம் எட்டுக் கண்ணி குறைச்சேன், இல்லாத விரலுக்கு எடம் விட்டா அங்க மடிப்பு விழுந்து உரசும்னு. உலகத்துல வேற ஒரு காலுக்கு இந்த சாக்ஸு சேராது. நீ என்னடான்னா அதக் கொண்டுபோயி எதுலயோ முக்கி எடுத்து, டீங்குற.

நிமி: துவைக்கும்போது சாயம் ஏறியிருக்கும்.

கத்தரீனாள்: இப்ப சாயமா? சரி. ஓட்டை எப்படி வந்துச்சு?

நிமி: எலி.

கத்தரீனாள்: எலி கடிச்சா நூலு வெட்டுப்பட்டு நிக்கும். பல்லுத் தடம் தெரியும். இதப் பாரு, நூலு நைஞ்சிருக்கு.

நிமி: பூச்சி அரிச்சிருக்கும்.

கத்தரீனாள்: பூச்சி அரிச்சா அங்கங்க ஊசிக்குத்து மாதிரி ஓட்டை விழும். இங்க, ஓட்டை இல்லாத எடத்துல இழுக்கேன் பாரு… பாத்தியா?

நிமி: ஐயோ, பிக்காதீக.

கத்தரீனாள்: நான் பிக்கலட்டி. சும்மா இழுத்தேன். புட்டு மாதிரி உதிருது. கம்பளி இப்படி உதிர்ந்து நான் பாத்ததே இல்ல. மோந்து பாரு.

நிமி: எதுக்கு…

கத்தரீனாள்: மோந்து பாரு.

நிமி: …பொகையில வாசம்.

கத்தரீனாள்: என் தம்பி பொகையில போடுறத விட்டு ஆறு வருசம் ஆச்சு. இந்த மடிப்புக்குள்ள வெள்ளையா ஏறியிருக்கே, இது என்ன?

நிமி: கால்ல போடுற பவுடரு.

கத்தரீனாள்: பவுடரா? அந்த மஞ்சத்தூள் டப்பாவ எடு.

நிமி: மதினி, ஒரு சாக்ஸுக்குப் போயி இம்புட்டு…

கத்தரீனாள்: எடுட்டி. சொட்டுத் தண்ணி. கரைச்சாச்சு. இப்ப அந்த வெள்ளை மேல ஒரு விரல் வைக்கேன். என்ன கலரு?

நிமி: மஞ்ச.

கத்தரீனாள்: நல்லாப் பாரு.

நிமி: …செகப்பா மாறுது.

கத்தரீனாள்: மஞ்ச எதுல பட்டாச் செகப்பாகும்? பவுடர்லயா? ஆரத்தி கரைக்கிறவுக யாரக் கேட்டாலும் சொல்லுவாக.

நிமி: சுண்ணாம்பு.

கத்தரீனாள்: சுண்ணாம்பு. தோல் ஷாப்புல மாட்டுத் தோல்ல இருக்குற முடி உதிரணும்னா எதுல ஊறப் போடுதாங்க? சுண்ணாம்புத் தொட்டியில. சுண்ணாம்புக்கு முடின்னா பலகாரம். கம்பளியும் முடி. காட்டன்னா ஒரு வருசம் தாங்கும், இது ஒரு மாசம்கூடத் தாங்காது. அது தெரியாம யாரோ முக்கியிருக்கீக. பொகையிலையும் சுண்ணாம்பும் சேத்து எதுக்குட்டி முக்குவாங்க?

நிமி: வெத்தல போட.

கத்தரீனாள்: சாக்ஸா வெத்தல போட்டுச்சு? இந்த மலையில பொறந்த நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். சொல்லு.

நிமி: அட்டைக்கு.

கத்தரீனாள்: அட்டைக்கு. கால்ல ஏறி ரத்தம் குடிக்காம இருக்க. வீட்டுக்குள்ள அட்டை வருதா?

நிமி: மதினி…

கத்தரீனாள்: அட்டை எங்க இருக்கும்? ஏலக்காட்டுல. அதுவும் இந்த மழையில, கால வச்சா நூறு ஏறும். அப்படின்னா இந்த சாக்ஸ் ஏலக்காட்டுக்குள்ள போயிருக்கு. சாக்ஸு தானா நடந்து போகாது. அவன வேலைக்கு அனுப்புதியா? டாக்டர் என்ன சொன்னாரு? மழை முடியிற வரைக்கும் கால்ல ஈரம் படக் கூடாது, இன்னொரு தடவ புண்ணு வந்தா விரல் இல்ல, பாதத்தையே எடுக்கணும்னாரு. உன் முகத்தப் பாத்துத்தான சொன்னாரு? இவருக்குக் கால் பேசாது, நீங்கதான் தினம் டார்ச் அடிச்சுப் பாக்கணும்னாரு. இதோ இந்த மாதா படத்துக்கு முன்னாடி, அவன விட்டு நகர மாட்டேன், அவன வாசல் தாண்ட விட மாட்டேன்னு நீ சத்தியம் பண்ணல?

நிமி: பண்ணுனேன்.

கத்தரீனாள்: பண்ணிட்டு?

நிமி: …ஆமா மதினி. அவுகதான் போனாக.

கத்தரீனாள்: போனானா?

நிமி: எஸ்டேட்டு குடுத்த லயத்துல இருக்கணும்னா வீட்டுல ஒரு ஆளாவது காலையில பேரு கூப்புடுற மஸ்டருக்கு நிக்கணும். இல்லன்னா வீட்ட ஒழிங்கன்னு எஸ்டேட்டுல சொல்லிட்டாக. கொட்டுற மழையில சட்டி பானையத் தூக்கிட்டு எங்க போறது?

கத்தரீனாள்: இங்க வரணும். ஏலப்பாறையில அவன் அக்கா வீடு இல்லியா?

நிமி: இதத்தான் சொல்லுவீகன்னு தெரியும். நாலு நாள் விருந்து இல்ல மதினி இது. வந்துட்டா அந்த லயம் போச்சு. அப்புறம் எங்களுக்குன்னு ஒரு கதவு கெடையாது.

கத்தரீனாள்: அதுக்கு அவன் காலக் குடுப்பியா? எத்தன நாளாப் போறான்?

நிமி: மூணு வாரம்.

கத்தரீனாள்: மூணு வாரமா… நான் இங்க உக்காந்து ஜெபமாலை உருட்டுதேன், அவன் ரப்பர் பூட்ஸுக்குள்ள சுண்ணாம்புத் தண்ணியில கால ஊறப் போட்டுக்கிட்டு… ஏலே சூசை. டிவிய அணைச்சிட்டு இங்க வா.

நிமி: இப்ப வேண்டாம் மதினி, சாப்பிட்ட பொறவு…

கத்தரீனாள்: ஏலே.

சூசையப்பன்: என்னக்கா? டீயா? நானே வந்து குடிப்பேன்ல. ஜோஜோ டிவியில ஒரு சமையல் போட்டு வச்சிருக்கான், வெங்காயத்த நறுக்கி முடிக்கவே அரை மணி நேரம்…

கத்தரீனாள்: உக்காரு. இது என்ன?

சூசையப்பன்: …சாக்ஸு.

கத்தரீனாள்: அவளப் பாக்காத. என்னப் பாரு. காட்டுக்குப் போனியா?

சூசையப்பன்: நிமி சொல்லிட்டாளா?

நிமி: சொல்லிட்டேங்க. நீங்க வேலைக்குப் போனதச் சொல்லிட்டேன்.

சூசையப்பன்: நான்… ஆங். ஆமாக்கா. போனேன். லயம் போயிருமேன்னு.

கத்தரீனாள்: எத்தன நாளா?

சூசையப்பன்: ஒரு வாரம் இருக்கும்.

கத்தரீனாள்: அவ மூணு வாரம்ங்குறா.

சூசையப்பன்: அப்ப மூணு வாரம்தான். எனக்கு எங்க கணக்கு நிக்குது.

கத்தரீனாள்: காட்டுல என்ன வேலை?

சூசையப்பன்: களைதான். அதுவும் உக்காந்து பாக்குற வேலைதான்கா. ஈரம் அவ்வளவா படாது.

கத்தரீனாள்: உக்காந்து களை எடுக்குற ஏலக்காடு எங்கல இருக்கு? கால நீட்டு. சாக்ஸக் கழட்டு. நாளைக்கு டாக்டர் பாக்குறதுக்கு முன்னாடி நான் பாக்கணும். ரெண்டு காலையும்… என்ன ஆகியிருக்கோ, மாதாவே, நீதான் பாத்துக்கணும்.

சூசையப்பன்: ஒண்ணும் ஆகலக்கா. நல்லாத்தான் இருக்கு.

கத்தரீனாள்: பேசாம இரு. …

சூசையப்பன்: என்னக்கா அப்படிப் பாக்க?

கத்தரீனாள்: காஞ்சிருக்கு.

சூசையப்பன்: அதான் சொன்னேன்.

கத்தரீனாள்: தழும்பு ஆறியிருக்கு. நகம் வெட்டி, எண்ணெய் தடவி… விரலிடுக்குல ஒரு ஊறல் இல்ல. ஒரு அட்டைக்கடிகூட இல்ல. மூணு வாரம் ஏலக்காட்டுல நின்ன காலுல ஒரு கடி இல்லாம எப்படில இருக்கும்?

சூசையப்பன்: அதான்… பொகையில, சுண்ணாம்பு.

கத்தரீனாள்: நான் முப்பத்திரெண்டு வருசம் போட்டவ. அப்பவும் சாயங்காலம் அஞ்சாறு கடி இல்லாம வீட்டுக்கு வந்ததில்ல. அசையாம இரு. இந்தக் கிழிஞ்ச சாக்ஸ உன் கால்ல மாட்டிப் பாக்கேன்.

சூசையப்பன்: அழுக்கு சாக்ஸக்கா, எதுக்கு…

கத்தரீனாள்: கம்பளி நனைஞ்சு, சூடும் உரசலும் பட்டா முடியோட முடி கோத்துக்கிட்டு ஜமுக்காளம் மாதிரி கெட்டியாகும். மிதிக்குற எடம்தான் மொதல்ல கெட்டியாகும். அதனால இத யாரு மிதிச்சாலும் குதிகால் எங்க பதிஞ்சதுன்னு இதுவே சொல்லிரும். இழுத்துவிட்டாச்சு. இப்ப சொல்லு, கெட்டியான எடம் எங்க இருக்கு?

சூசையப்பன்: கீழதான் இருக்கு.

கத்தரீனாள்: உன் குதிகாலுக்குக் கீழ இல்ல. ரெண்டு விரக்கடை முன்னாடி தள்ளி, பாதக் குழிவுல இருக்கு. மிதிக்காத எடத்துல எப்படில கெட்டியாச்சு?

சூசையப்பன்: சாக்ஸு இழுத்திருக்கும்.

கத்தரீனாள்: ஓட்டை எங்க இருக்கு?

சூசையப்பன்: ஓரத்துல.

கத்தரீனாள்: எந்த ஓரத்துல? சுண்டுவிரல் பக்கம். நான் எட்டுக் கண்ணி குறைச்ச எடத்துல. உள்ள இருந்து முட்டி முட்டிக் கண்ணி விரிஞ்சு கிழிஞ்சிருக்கு. வலது சாக்ஸும் இதே சுண்ணாம்புல ஊறுனதுதான், அது கிழியல. ஏலே சூசை… உனக்கு அந்த எடத்துல முட்டுறதுக்கு விரலே இல்லியே.

நிமி: நூலு இத்துப்போயித் தானா விட்டிருக்கும் மதினி.

கத்தரீனாள்: தானா விட்டா ஏன் அங்க மட்டும் விடணும்? இது உன் கால் இல்ல சூசை. உன் காலவிட ரெண்டு விரக்கடை சின்னக் காலு. அஞ்சு விரலும் உள்ள காலு. யாரு கால் இது?

சூசையப்பன்: நிமி, சொல்லிரு.

நிமி: நீங்க சும்மா இருங்க.

கத்தரீனாள்: ஏட்டி. வந்ததுல இருந்து சேலைக்குள்ள கால மடக்கிட்டே உக்காந்திருக்க. வெளிய எடு.

நிமி: எனக்கு ஒண்ணும் இல்ல மதினி.

கத்தரீனாள்: எடு.

நிமி: நானாத்தான் போனேன். அவுக மேல கோவப்படாதீக. அவுக பேருக்குப் பதிலா நான் மஸ்டருக்கு நிக்கேன்னு கேட்டேன், எஸ்டேட்டுல சரின்னாக. சத்தியத்த மீறிட்டேன்தான். ஆனா மத்தியானம் ஓடி வந்து அவுகளுக்குச் சோறு போட்டுட்டுத்தான் திரும்புவேன். ராத்திரி டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும் பாக்காமப் படுத்ததில்ல. நீங்களே பாத்தீகல்ல, எவ்வளவு நல்லா இருக்கு.

கத்தரீனாள்: பாத்தேன். நல்லா இருக்கு. எங்கிட்ட மறைக்கணுமா? உனக்கும் ஒரு ஜோடி காட்டன் பின்னித் தந்திருக்க மாட்டேனா? நாலு நாள் வேலை.

நிமி: கேட்டா, வீட்டுல இருக்கவளுக்கு எதுக்கு சாக்ஸுன்னு கேப்பீகளே. ரப்பர் பூட்ஸு வெறுங்காலக் கடிச்சுது. அவுக ஜோடி ஒண்ணு சும்மா கெடந்துச்சு.

கத்தரீனாள்: சரி. பேச்ச மாத்தாத. கால்.

நிமி: …இந்தாங்க.

கத்தரீனாள்: லைட்டப் போடு.

சூசையப்பன்: போட்டாச்சு. …ஏசுவே.

கத்தரீனாள்: சுண்டுவிரலுக்குக் கீழ தோலே இல்ல. வெந்து, வழண்டு… உள்ள வெள்ளையாத் தெரியுது. ஆட்டு முடியத் தின்ன சுண்ணாம்பு இவளையும் தின்னிருக்கு. இத வச்சுக்கிட்டா ஏலப்பாறை ஸ்டாண்டுல இருந்து ஏத்தம் ஏறி வந்த? சிரிச்சுக்கிட்டே வந்தியேட்டி. எரியலியா?

நிமி: லேசா…

கத்தரீனாள்: லேசாவா? ஒரு துளி சுண்ணாம்பு கூடிப் போனா நாக்கு வெந்துருது. இதுக்கு லேசாவா?

நிமி: பழகிருச்சு மதினி.

கத்தரீனாள்: கண்ண மூடு.

நிமி: எதுக்கு?

கத்தரீனாள்: மூடுன்னா மூடு. கோட்டயத்து டாக்டர் இவனுக்குப் பாத்தாருல்ல, அத மாதிரி பின்னல் ஊசியோட மழுங்குன முனைய வைக்கேன். எங்க தொடுதேன்னு சொல்லு. …இப்ப?

நிமி: குதிகால்.

கத்தரீனாள்: இப்ப?

நிமி: பெருவிரல்.

கத்தரீனாள்: இப்ப?

நிமி: சுண்டு… இல்ல, நடுவிரல்.

கத்தரீனாள்: இப்ப?

நிமி: உள்ளங்கால். ஊசி குத்துது மதினி, மெதுவா.

சூசையப்பன்: அக்கா… ஊசி உன் மடியிலல்லா கெடக்கு. ஒரு தடவகூடத் தொடலியேக்கா நீ.

கத்தரீனாள்: தொடல. அவ கண்ணத் தொறந்து பாக்கட்டும். எத்தன நாளாட்டி இப்படி?

நிமி: தெரியல மதினி.

சூசையப்பன்: நான்தான்… அக்கா, நான்தான் கரைச்சேன்.

கத்தரீனாள்: எத?

சூசையப்பன்: சுண்ணாம்ப. அவ வேலைக்குப் போகும்போது நான் சும்மா உக்காந்திருக்கணுமான்னு, தினம் காலையில நான்தான் பொகையிலத் தண்ணியில கரைச்சு சாக்ஸ முக்கிக் குடுப்பேன். மொத நாளு கொஞ்சமாத்தான் போட்டேன். எரியுதான்னு கேட்டேன். இல்லன்னா. சாயங்காலம் பூட்ஸக் கழட்டுனா அட்டை ஏறி ரத்தம் வழிஞ்சிருக்கும். பத்தல, நாளைக்குக் கூட்டிப் போடுங்கம்பா. மறுநா இன்னொரு கரண்டி. எரியுதா நிமி, இல்லங்க. அதுக்கு மறுநா இன்னொரு கரண்டி… எரியல, எரியலன்னு அவ சொல்லச் சொல்ல நான் கூட்டிக்கிட்டே போனேன்கா.

கத்தரீனாள்: உன் காலுக்கு வந்ததும் இதுதானல. கங்கு விழுந்ததே தெரியாம உக்காந்திருந்தவன் நீ. அவளுக்கு எரியலன்னதும் உனக்கு ஒண்ணும் தோணலியா?

சூசையப்பன்: நான் சுகர்காரன். அவ நல்லா இருக்கவதானக்கா.

கத்தரீனாள்: விடு. நாளைக்கு ஆசுபத்திரியில ஒரு சீட்டு இல்ல, ரெண்டு சீட்டு எடுப்போம். இவனுக்கு முன்னாடி நீ கால நீட்டணும் நிமி. மொதல்ல ரத்தத்தக் குத்திப் பாக்கச் சொல்லுதேன்.

நிமி: பாத்தாச்சு மதினி.

கத்தரீனாள்: என்னது?

சூசையப்பன்: யாரு பாத்தா? எப்ப?

நிமி: உங்க விரல எடுத்த அன்னைக்கு. நான் வெளிய உக்காந்திருந்தேன். கூட வந்தவுகளுக்கும் பாக்கோம்னு சொல்லி ஒரு சிஸ்டர் வந்து விரல்ல குத்துனாங்க. போகும்போது நம்ம ரெண்டு பேரு ரத்தச் சீட்டையும் ஒண்ணா என் கையில குடுத்தாங்க. உங்க சீட்ட மதினிகிட்டக் காட்டுனேன். ஒரு வீட்டுக்கு ஒரு சுகரு போதும்னு, என் சீட்ட முண்டக்கயம் தாண்டி மலை ஏறும்போது பஸ் ஜன்னல் வழியா விட்டுட்டேன்.